மரத்தடியில் தவிடன் சொன்ன பாதி

அந்தக் காலத்தில் நாய்க்குப் பேச்சு இருந்தது. மாடு, முயல், கொக்கு எல்லாவற்றுக்கும்தான் இருந்தது. ஆனால் மனிதரோடு ஒரே கூரையின் கீழ் படுத்து, ஒரே பானைச் சோற்றைத் தின்று, அவர்களைப் போலவே ஊர்க்கதை பேசிக்கொண்டு திரிந்தது நாய் ஒன்றுதான். அதன் பேச்சில் ஒரு விசேஷம் உண்டு. நடந்ததை மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும். தெரிந்தே பொய் சொல்ல வாயைத் திறந்தால் வார்த்தை வராது. அதனால் எந்த வீட்டில் என்ன சந்தேகம் வந்தாலும், "நாயைக் கேளு" என்பார்கள்.

கயிறும் அப்போதே இருந்தது. மாட்டுக்குக் கட்டினார்கள், ஆட்டுக்குக் கட்டினார்கள், கிணற்று வாளிக்குக் கட்டினார்கள். நாயின் கழுத்தில் மட்டும் யாரும் கட்டவில்லை. சொன்னால் கேட்கிற பிராணிக்குக் கயிறு எதற்கு என்று இருந்துவிட்டார்கள்.

மலைக்குக் கிழக்கே இருந்த ஓர் ஊரில், ஊர் முழுவதும் தண்ணீர் குடிக்கும் ஊருணி ஒன்று இருந்தது. அதைச் சுற்றிப் பெரிய புல்வெளி. அதற்கு ஊர்த்திடல் என்று பெயர். சாயங்காலமானால் ஆட்கள் காற்று வாங்க வருவார்கள். பிள்ளைகள் பம்பரம் விடும். மாடுகள் மேயும். கரையோரம் கோரைப் புல்லுக்குள் காடையும் முயலும் குடியிருந்தன. யாருக்கும் சொந்தமில்லாத இடம். அதனாலேயே எல்லாரும் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ள வேண்டிய இடம்.

திடலுக்குள் நுழையும் வழியில் ஒரு மருத மரம் நின்றது. விலங்கோடு வருகிற எவரும் அதன் அடியில் நின்று ஒரு சொல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தச் சொல் இரண்டு பாதியாக இருந்தது. முதல் பாதியை மனிதர் சொல்ல வேண்டும்.

"இவன் எட்டிப் போனால் நான் கூப்பிடுவேன்."

அடுத்த பாதியை விலங்கு சொல்ல வேண்டும்.

"கூப்பிட்டால் நான் வருவேன்."

அவ்வளவுதான். சொல்லை மீறினால் தண்டனையும் இருந்தது. கூப்பிட்டும் வராத விலங்கு திடலை விட்டு மலைக்கு அப்பால் காட்டுக்குப் போய்விட வேண்டும். கூப்பிடாத மனிதரின் வீட்டார் ஊருணித் தண்ணீரைத் தொடக் கூடாது. அடுத்த தண்ணீர் மலையடிவாரத்துச் சுனையில்தான். கோடையில் அங்கே போய் ஒரு குடம் கொண்டுவருவதற்குள் பொழுது உச்சிக்கு ஏறிவிடும்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஊரார் வடிவம்மையிடம் கொடுத்திருந்தார்கள். ஊருணிக்குள் யாரும் காலை வைக்காமல், துணி அலசாமல் காவல் இருக்கிறவள் அவள். திடலில் வழக்கு வந்தால் தீர்ப்பும் அவளுடையதுதான்.

அந்த ஊரில் பாய் முடைகிற மாசானம் என்று ஒருவன் இருந்தான். அவன் மனைவி உலகம்மாள் அப்போது நிறைமாதமாக இருந்தாள். அவர்கள் வீட்டு நாய்க்குத் தவிடன் என்று பெயர். அரிசித் தவிட்டின் நிறம். கண் திறக்காத குட்டியாக இருக்கும்போதே மாசானம் எடுத்து வந்து, பஞ்சைப் பாலில் நனைத்து ஊட்டி வளர்த்தான். அது மாசானத்தை அண்ணாச்சி என்றும், உலகம்மாளை மதினி என்றும் கூப்பிடும்.

ஆரம்பத்தில் மாசானமும் மரத்தடியில் நின்று, தன் பாதியை முழுதாகச் சொன்னவன்தான். நாளாக ஆக நடந்துகொண்டே சொன்னான். பிறகு முணுமுணுத்தான். பிறகு மரத்தைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனான்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லலையே" என்று தவிடன் நினைவுபடுத்தும்.

"நேத்து சொன்னதுதானடா இன்னைக்கும். மரத்துக்கு மறந்தா போயிரும்?"

தவிடன் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. மரத்தடியில் நின்று, முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, "கூப்பிட்டால் நான் வருவேன்" என்று சொல்லிவிட்டு, முன்னே போய்விட்ட மாசானத்தைப் பிடிக்க ஓடும்.

மாசானம் அவ்வளவு வேகமாகப் போனதற்குக் காரணம் ஆடுபுலி ஆட்டம். ஊருணிக் கரையில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. அதில் ஆட்டத்துக்குக் கோடு கீறி வைத்திருந்தார்கள். மாசானத்துக்கு ஆடு. அவன் கூட்டாளி தளவாய்க்குப் புலி. புளியங்கொட்டைகள் ஆடுகள், கூழாங்கற்கள் புலிகள். உட்கார்ந்துவிட்டால் இருவருக்கும் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

தவிடன் திடலில் தன் போக்கில் திரியும். கெட்ட நாய் இல்லை. எல்லாரும் தனக்குச் சொந்தம் என்று நினைக்கிற நாய். குடத்தோடு வருகிறவளின் மேல் ஆசையாகத் தாவும். குடம் கீழே விழும். வாத்துக் கூட்டத்துக்குள் பாய்ந்து நலம் விசாரிக்கும். வாத்துகள் மூலைக்கொன்றாகச் சிதறும். யார் முறையிட்டாலும் மாசானம் பாறையிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வான்:

"அவன் ஒண்ணும் பண்ண மாட்டான். விளையாடுதான்."

ஒருமுறை வடிவம்மையே வந்து நின்றாள்.

"மாசானம், உன் நாய் கரையில வெளிக்கு இருந்துட்டுப் போயிருக்கு. ரெண்டு பூவரசு இலையை எடுத்துட்டு வந்து அள்ளு."

"அது மண்ணோட மண்ணாப் போயிரும் அக்கா."

"போகும். அதுக்கு முன்னால என் காலோட வீட்டுக்கு வந்துரும்."

தளவாய் சிரித்துவிட்டான். மாசானம் எழுந்து போய் அள்ளினான். மறுநாள் அதுவும் மறந்து போயிற்று.

அந்தக் கோடையில் கோரைப் புல்லுக்குள் ஒரு முயல் குட்டி போட்டிருந்தது. ஒரே குட்டி. முயல்கள் குட்டியோடு கூட இருப்பதில்லை. தாய் பக்கத்தில் இருந்தால் தாயின் வாசனையைப் பிடித்துக்கொண்டு நரி வந்துவிடும். அதனால் குட்டியைப் புல்லுக்குள் உட்கார்த்திவிட்டுத் தாய் எட்டப் போய் மேயும். இருட்டுகிற நேரத்தில் வந்து பால் கொடுக்கும்.

"நான் வர்ற வரைக்கும் அசையாதே" என்று தாய் முயல் சொல்லும். "யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதே. நீ அசையாம இருந்தா நீ அங்க இல்லைன்னு அர்த்தம்."

குட்டி அப்படியே இருக்கும். புல்லோடு புல்லாக.

அன்று சாயங்காலம் மாசானத்தின் ஆடுகள் இரண்டு புலிகளை அடைத்துவிட்டன. மிச்சம் ஒன்றுதான்.

"உன் புலிக்கு மூச்சு முட்டுதாம்டே" என்றான் மாசானம்.

"புலி பசிச்சா புல்லைத் திங்காது. பொறு" என்றான் தளவாய்.

தவிடன் கரையோரம் மோந்துகொண்டே போயிற்று. கோரைப் புல்லுக்குள் மூக்கை நுழைத்தது. உள்ளே இரண்டு பெரிய கண்கள்.

"யாருடா நீ? புதுசா இருக்கே" என்றது தவிடன்.

குட்டி பேசவில்லை.

"நான் தவிடன். மாசானத்தண்ணாச்சி வீடு. விளையாட வாரியா?"

குட்டி அசையவில்லை. அம்மா சொன்னபடியே இருந்தது. தவிடன் வாலை ஆட்டிக்கொண்டு மூக்கால் லேசாக ஒரு தட்டுத் தட்டியது. ஈர மூக்கு உடம்பில் பட்டதும் குட்டிக்கு அம்மா சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. வெளியே பாய்ந்து ஓடியது.

ஓடுகிறதென்றால் விளையாட வந்துவிட்டது என்று அர்த்தம். தவிடனுக்கு அப்படித்தான் தெரியும். சந்தோஷமாகப் பின்னால் ஓடியது.

ஊருணியின் அக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த தாய் முயல் நிமிர்ந்து பார்த்தது. தண்ணீர் நடுவில் கிடந்தது. சுற்றிக்கொண்டு ஓடி வர நேரமாகும். அதனால் நின்ற இடத்திலிருந்தே கத்தியது.

"கூப்பிடுங்க! உங்க நாயைக் கூப்பிடுங்க!"

தளவாயின் காதில் விழுந்தது. "மாசானம், உன் நாயைத்தான் சொல்லுதாங்க போல."

"ஒண்ணும் பண்ண மாட்டான். நீ காயை நகத்து."

திடலின் நடுவில் தவிடன் சட்டென்று நின்றது. காதுகளை நிமிர்த்திப் பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. யாரோ கூப்பிடச் சொல்கிறார்கள். அப்படியானால் அண்ணாச்சி கூப்பிடுவார். கொஞ்ச நேரம் காத்திருந்தது. மாசானம் குனிந்தபடியே இருந்தான்.

கூப்பிடவில்லை என்றால் போகலாம் என்றுதான் அர்த்தம். தவிடன் மறுபடி ஓடியது.

"கூப்பிடுங்க ஐயா!"

தவிடன் இன்னொரு தரமும் நின்று பார்த்தது. பாறையில் இரண்டு தலைகள் குனிந்திருந்தன. ஒரு தலை மட்டும் ஒரு கணம் நிமிர்ந்து, மறுபடியும் குனிந்தது. அது தளவாயின் தலை.

குட்டி வட்டமாக ஓடியது. அதற்குத் திடலின் எல்லை தெரியாது; எந்தப் பக்கம் வீடு என்று தெரியாது. பிறந்ததிலிருந்து அது ஓடியதே இல்லை. வட்டம் சிறிதாகிக்கொண்டே வந்தது. பிறகு ஓரிடத்தில் உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது.

தவிடன் பக்கத்தில் போய் நக்கிப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை. களைத்துத் தூங்குகிறது என்று நினைத்தது. தாய் நாய் தன் குட்டியைத் தூக்குகிற மாதிரி, பிடரித் தோலை உதட்டால் மெல்லக் கவ்வி, பல் படாமல் தூக்கிக்கொண்டு பாறைக்கு வந்தது. ஆட்டத்தின் நடுவே, ஆடுகளுக்கும் புலிகளுக்கும் இடையில், குட்டியை இறக்கி வைத்தது.

"அண்ணாச்சி, இவன் தூங்கிட்டான். எழுப்புங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான்."

புளியங்கொட்டைகள் சிதறின. மாசானம் குட்டியின் மேல் கையை வைத்தான். கையை எடுக்க அவனால் முடியவில்லை.

தாய் முயல் வந்து சேர்ந்தது. பாறையில் ஏறாமல் கீழேயே நின்றது. அதற்கு மூச்சு வாங்கியது. வடிவம்மை வந்தாள். ஊரார் சிலரும் கூடினார்கள். அவள் குட்டியைத் தூக்கி, கழுத்தையும் வயிற்றையும் மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.

"பல் படலை" என்றாள். "காயமே இல்லை. பயத்துல மூச்சு நின்னுருக்கு."

"நான்தான் சொன்னேனே, அவன் ஒண்ணும்..." என்று ஆரம்பித்த மாசானம் பாதியில் நிறுத்தினான்.

"ஆமா" என்றது தாய் முயல். "ஒண்ணும் பண்ணலை. ஓடத்தான் வச்சான். என் பிள்ளைக்கு ஓடத் தெரியாது. இருக்க மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்."

தவிடன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது. "ஏன், எழுந்திருக்க மாட்டானா?" என்று கேட்டது. அதற்கு மெல்ல மெல்லப் புரிந்தது. அதன் வால் இறங்கிக் கால்களுக்கு நடுவே போயிற்று.

வடிவம்மை குட்டியைத் தன் முந்தானையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மாசானம், வழக்குப்படி கேக்கேன். நாய் எட்டிப் போனப்ப நீ கூப்பிட்டியா?"

மாசானத்தின் மனத்தில் உலகம்மாள் வந்து நின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குடத்தை இடுப்பில் வைக்க முடியாமல் தலையில் வைத்துக்கொண்டு, மலையடிவாரத்துக்குப் போகிற வழியில் வெயிலில் நின்றாள். 'இல்லை' என்று சொன்னால் அதுதான் நடக்கும். 'கூப்பிட்டேன்' என்றால் நாய் காட்டுக்குப் போகும். கொஞ்ச நாள் கழித்து வடிவம்மையின் காலில் விழுந்தாவது அழைத்துக்கொள்ளலாம். நாய்தானே.

"கூப்பிட்டேன்" என்றான்.

தளவாய் பாறையில் கீறிய கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ நாயைக் கேப்போம்" என்றாள் வடிவம்மை. "தவிடா, அண்ணாச்சி உன்னைக் கூப்பிட்டாரா?"

தவிடன் மாசானத்தைப் பார்த்தது. மாசானம் ஊருணித் தண்ணீரைப் பார்த்தான்.

'கூப்பிடவில்லை' என்பது தவிடனின் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் மதினிக்குத் தண்ணீர் இல்லை. அண்ணாச்சி பொய்யர் என்று ஊர் சொல்லும். 'கூப்பிட்டார்' என்று சொல்லவோ அதன் வாயில் வார்த்தையே இல்லை. தவிடன் வாயைத் திறந்தது. நாக்கு நுனியில் இருந்த சொல்லை உள்ளே இழுத்து, தொண்டைக்குக் கீழே தள்ளி, பல்லைக் கடித்து மூடிக்கொண்டது.

"உன்னைத்தான் கேக்கேன். கூப்பிட்டாரா?"

தவிடன் தலையைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டது.

"கடைசியாக் கேக்கேன் தவிடா. நீ பேசலைன்னா குத்தம் உன் மேல வந்துரும்."

அது பேசவில்லை.

வடிவம்மை பெருமூச்சு விட்டாள். "அப்போ போயிரு. மலைக்கு அந்தப் பக்கம். இருட்டுறதுக்குள்ள போயிரு."

தவிடன் எழுந்தது. மாசானத்தின் காலை ஒரு தரம் மோந்து பார்த்தது. பிறகு கரையோரமாக மலையைப் பார்த்து நடந்தது. கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தது. காதுகள் நிமிர்ந்திருந்தன. மாசானம் நின்ற இடத்திலேயே நின்றான். தவிடன் மேலும் கொஞ்சம் நடந்தது. மறுபடி நின்று திரும்பிப் பார்த்தது.

"அப்பவும் இப்படித்தான் பார்த்தான்" என்றான் தளவாய், மாசானத்துக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "ஓட்டத்தை நிறுத்திட்டு, ரெண்டு தரம் நின்னு நம்மளைத்தான் பார்த்தான். நான் பார்த்தேன்."

மாசானம் ஓர் அடி முன்னால் வைத்தான். தவிடன் கரை மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. மேட்டின் அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

"தவிடா!"

குரல் எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. நெடுநாளாகக் கூப்பிடாத குரல், உடைந்து வந்தது.

அடுத்த கணம் தவிடன் திரும்பியது. கரையிலிருந்து பாய்ந்து இறங்கி, காதுகள் பின்னால் படிய, புல்லைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தது. நடுவில் ஒரு வாத்துக் கூட்டம் நின்றது; அதைப் பார்க்கவே இல்லை. பிள்ளைகள் நின்றார்கள், திரும்பவே இல்லை. நேராக வந்து மாசானத்தின் காலடியில் படுத்து, அவன் முகத்தைப் பார்த்தது.

வடிவம்மை நாயைப் பார்த்தாள். பிறகு மாசானத்தைப் பார்த்தாள்.

"ஒரு சத்தத்துக்கு இப்படி வர்ற நாய், அப்ப மட்டும் ஏன் வரலை மாசானம்?"

மாசானம் உட்கார்ந்துவிட்டான். "நான் கூப்பிடலை" என்றான். "அது மேல தப்பே இல்லை. நான் தலையைத் தூக்கவே இல்லை."

"எனக்கும் காதில விழுந்துச்சு" என்றான் தளவாய். "நானும் எழுந்திருக்கலை."

மாசானம் தவிடனின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். "சொல்லுடா. எல்லார் முன்னாலயும் சொல்லு. இந்த அண்ணாச்சி கூப்பிடலைன்னு சொல்லு. வைதாலும் வை."

தவிடன் வாயைத் திறந்தது. உள்ளே தள்ளிய அந்த ஒரு சொல், மற்ற சொற்கள் வருகிற வழியை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. முனகல் வந்தது. பிறகு குரைப்பு வந்தது. தான் எழுப்பிய சத்தத்தைக் கேட்டு அதுவே பயந்தது. மாசானம் மறுபடி பேசியபோது தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டது. அவன் பேச்சில் தன் பெயர் மட்டும் இன்னும் புரிந்தது.

வடிவம்மை தீர்ப்புச் சொல்ல வேண்டும். "வழக்குப்படி, மாசானம் வீட்டார் இனிமே இந்த ஊருணியில..." என்று தொடங்கினாள்.

"வேண்டாம்" என்றது தாய் முயல்.

எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"அவர் வீட்டுலயும் ஒரு உயிர் வயித்துல இருக்கு. தாகம் எடுத்தா என் பிள்ளை திரும்பி வந்துருமா? தண்ணியை மறிக்காதீங்க." முயல் மருத மரத்தைத் திரும்பிப் பார்த்தது. "ஆனா நீங்க மரத்தடியில சொல்லுற சொல் இனிமே எனக்கு வேண்டாம். அதை நம்பித்தான் பிள்ளையை இங்க வச்சேன். புல்லுக்குள்ள உக்காந்து பார்த்தா என் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணு வேணும். அது என்னன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

வடிவம்மை முந்தானையை விரித்தாள். தாய் முயல் குட்டியின் நெற்றியை ஒரு தரம் நக்கிவிட்டது. மருத மரத்தின் அடியில் குழி தோண்டினார்கள். மிகச் சிறிய குழி. தோண்டத் தொடங்கியதுமே போதும் என்றாகிவிட்டது.

வீட்டுக்கு வந்த மாசானம் நடந்ததை உலகம்மாளிடம் சொன்னான். அவள் திட்டவில்லை. தவிடனுக்குச் சோறு வைத்தாள். "சாப்பிடுடே தம்பி" என்றாள். 'சரி மதினி' என்ற பதில் வரும் என்று கொஞ்ச நேரம் நின்றாள். தவிடன் அவளைப் பார்த்து வாலை மட்டும் ஆட்டியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் முழுக்க மாசானம் பாய் முடையவில்லை. பாய்க்காக வைத்திருந்த புளிச்சச் செடியின் நாரை எடுத்துத் திரித்துக்கொண்டே இருந்தான். சாயங்காலம் திடலுக்கு வந்தபோது அவன் கையில் ஒரு கயிறு இருந்தது. அதன் ஒரு முனையில் ஒரு வளையம். மறு முனையிலும் ஒரு வளையம்.

மரத்தடியில் நின்று ஒரு வளையத்தைத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டான். பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் சிரித்தான்.

"நாய்க்குக் கட்டுறே, சரி. உன் கையில எதுக்கு மாட்டுறே? நீயும் ஓடிப் போயிருவியோ?"

"மறந்து போனது அவன் இல்லையே" என்றான் மாசானம்.

சிரித்தவன் வழி விட்டு விலகினான்.

மாசானம் நிமிர்ந்து நின்று, நெடுநாளாகச் சொல்லாத தன் பாதியை முழுதாகச் சொன்னான். "இவன் எட்டிப் போனால் நான் கூப்பிடுவேன்."

பிறகு பழக்கத்தில் தவிடனின் பாதிக்காகக் காத்திருந்தான். தவிடன் முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து நின்றது. வாயைத் திறந்தது, மூடிக்கொண்டது. பிறகு ஓர் அடி முன்னால் வந்து, கழுத்தை நீட்டி, அவன் கையில் இருந்த இன்னொரு வளையத்துக்குள் தன் தலையைத் தானே நுழைத்துக்கொண்டது.

இருவரும் திடலுக்குள் போனார்கள். பாறையில் ஆட்டக் கோடுகள் அப்படியே கிடந்தன. தளவாய் அங்கே இல்லை. கோரைப் புல்லுக்குள்ளிருந்து இரண்டு நீண்ட காதுகள் உயர்ந்தன. கயிற்றைப் பார்த்தன. நெடுநேரம் பார்த்தன. பிறகு மெதுவாகப் புல்லுக்குள் இறங்கின. மாசானம் கும்பிடுவதற்காகக் கையைத் தூக்கினான். கயிறு இழுபட்டது. கையைக் கீழே போட்டுக்கொண்டான்.

அந்த மாதமே உலகம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தவிடன் தொட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. குழந்தை வளர்ந்து பேச்சுப் பழகியபோது முதலில் சொன்னது அம்மாவையோ அப்பாவையோ அல்ல. "தவிதா" என்றுதான் சொன்னது. அடுப்படியில் படுத்திருந்த நாய் அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடி வந்தது.

தவிடனோடு நாய்க் குலத்துக்கே பேச்சு போயிற்று. நாயைப் பொது இடத்துக்குக் கூட்டிப் போகிறவர்கள் கயிற்றின் ஒரு முனையை அதன் கழுத்திலும் மறு முனையைத் தங்கள் கையிலும் மாட்டிக்கொள்வது அன்று தொடங்கியதுதான். கயிற்றை எடுத்ததும் நாய் தானாகவே வந்து கழுத்தை நீட்டுவதும், நாம் பேசும்போது தலையைச் சாய்த்துக் கேட்பதும் அன்று தொடங்கியவைதான். திறந்த வெளியில் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பாருங்கள். கொஞ்ச தூரம் ஓடும். பிறகு நின்று, காதுகளை நிமிர்த்தி, நம்மைத் திரும்பிப் பார்க்கும். தன் பாதியை அது அந்த மரத்தடியில் எப்போதோ சொல்லிவிட்டது. நம்முடைய பாதியைக் கேட்கத்தான் நிற்கிறது.